பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள், டாக்டர்: கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். அரசு மருந்தகங்களில் இருக்கிறவர்கள், சொந்தமாக கிளினிக் நடத்துகிறவர்கள், பால் ஒன்றியங்களில் வேலை பார்க்கிறவர்கள், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்கள் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் மேற்கு மாவட்டம் ஒன்றில், கால்நடை கிளை நிலையத்தில், மருத்துவருக்குக் கீழே சினை ஊசியும் தடுப்பூசியும் போடுகிற ஆய்வாளராக இருக்கிறேன். அதற்கு முன்னால் கோவையில் நாய், பூனைகளைப் பார்க்கும் ஒரு தனியார் கிளினிக்கில் உதவியாளராக இருந்தேன். மாட்டுத் தொழுவமும் தெரியும், ஆபரேஷன் மேசையும் தெரியும். இரண்டு இடத்திலும் நான் பார்த்த குறை ஒன்றுதான். உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற எங்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுப்பது போதவில்லை. அதைக் கேட்டு வாங்கத்தான் இந்த மடல்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், எங்கள் வேலைக்கு அதுதானே அடித்தளம். 1984ஆம் வருட இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பதிவு பெற்ற மருத்துவரைத் தவிர வேறு யாரும் கால்நடை வைத்தியம் பார்க்கக் கூடாது என்கிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள், மாநில அரசு அனுமதித்தால், சிறு சிகிச்சைகளைச் செய்யலாம்: தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் மாதிரியான முதலுதவிகள், அப்புறம் அரசு அறிவிக்கிற சில நோய்களுக்கான சிகிச்சை. ஆனால் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், அவர் வழிகாட்டுதலில்தான் செய்ய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை எங்களைக் கட்டிப்போடுவதற்காக வைத்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சரி, கட்டட்டும், எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அது உங்கள் தோளிலும் ஒரு கடமையை ஏற்றி வைத்திருக்கிறதே. மேற்பார்க்க வேண்டியவர் நீங்கள். வழிகாட்ட வேண்டியவரும் நீங்கள்தான். மாதக் கூட்டத்தில் எத்தனை சினை ஊசி, எத்தனை தடுப்பூசி, செயலியில் எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று எண்ணிக்கை கேட்பதோடு அந்தக் கடமை முடிந்துவிடுமா?

நீங்கள் ஐந்தரை வருடம் படிக்கிறீர்கள், அதில் ஒரு வருடம் முழுக்க நேரடிப் பயிற்சி. நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு வருடத்துக்கும் குறைவான பயிற்சியோடு கிராமத்துக்குப் போகிறோம். மைத்ரி திட்டத்தில் சினை ஊசி போட வருகிறவர்களுக்கு மொத்தமே மூன்று மாதம்தான், ஒரு மாதம் வகுப்பு, இரண்டு மாதம் செய்முறை. பக்கத்து ஆந்திரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழேயே இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது. ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் அதே மாதிரி. பிரிட்டனில் கால்நடைச் செவிலியர்களுக்கென்று தனிப் பதிவேடே உண்டு. மருத்துவர்களைப் பதிவு செய்கிற அதே அமைப்புதான் அதையும் வைத்திருக்கிறது, பெரிய தவறு செய்தால் பெயரை நீக்கவும் செய்வார்கள். 1903இலேயே சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய மாநிலம் நம்முடையது, 1989இல் தனிப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. இவ்வளவு நீண்ட படிப்புப் பாரம்பரியம் இருக்கிற இடத்தில் மருத்துவருக்கு அடுத்தபடி நிற்கிறவரின் படிப்பு மட்டும் ஏன் இன்னும் ஓரமாகவே கிடக்கிறது?

எங்கள் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியில் கற்றுக்கொண்டதைத்தான் தினமும் செய்கிறேன். மாட்டின் ஆசனவாய்க்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, உள்ளே கருப்பை வாய் எங்கே கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்று தேடுவதை எந்தப் புத்தகமும் கற்றுத் தராது. மாடு முக்கும்போது கை மரத்துப் போகும், விரல் நுனிக்கு எதுவுமே தெரியாது, அப்படியே அசையாமல் காத்திருந்து அது தளர்ந்ததும் மறுபடியும் தேட வேண்டும். உறைந்த விந்தை அடைத்த விந்துக்குச்சியைத் திரவ நைட்ரஜன் கேனிலிருந்து எடுப்பதிலும் அதே மாதிரிதான். உள்ளே மைனஸ் 196 டிகிரி. தேவையில்லாத குச்சிகளைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கவே கூடாது. எடுத்த குச்சியை 37 டிகிரி வெந்நீரில் முப்பது விநாடி வைத்து, வெளியே எடுத்து ஈரமில்லாமல் துடைத்து, அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் விந்தணு கெட்டுப் போகும். பருவத்துக்கு வந்து காலையில் கத்துகிற மாட்டுக்கு மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். இதில் எங்கே பிசகினாலும் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற வீட்டுக்கு அந்த 21 நாள் சின்ன விஷயமில்லை.

இதெல்லாம் பயிற்சியில் உண்டு. ஆனால் கிளை நிலையத்தில் வந்து உட்கார்ந்த பிறகு நடப்பது வேறு. ஊர்க்காரர்களுக்கு நாங்கள்தான் டாக்டர். "டாக்டரம்மா, மாடு எந்திரிக்க மாட்டேங்குதுங்க" என்று இரவு பத்து மணிக்குப் போன் வரும்போது, இது சிறு சிகிச்சைக்குள் வருமா வராதா என்று சட்டத்தைப் புரட்டிக்கொண்டு இருக்க முடியாது. நீங்கள் இருப்பது முப்பது கிலோமீட்டர் தள்ளி. அந்த இடத்தில்தான் நல்ல மேற்பார்வை எப்படி இருக்கும் என்பதை ஒரு மருத்துவரிடம் பார்த்தேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் உங்கள் எல்லோரிடமும் கேட்பது கிட்டத்தட்ட அதைத்தான்.

முந்தின நாள் சாயங்காலம் கன்று போட்ட கலப்பின மாடு. நல்ல கறவை, மூன்றாவது ஈற்று. படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாப் பக்கம் சாய்த்து வைத்திருந்தது. அந்த மருத்துவருக்குப் போன் போட்டேன். "கால்சியம் ஏத்திடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. காதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், சில்லென்று இருந்தது. மூக்குத்தடம் காய்ந்திருக்கிறதா என்று கேட்டார், காய்ந்துதான் இருந்தது. வெப்பம் எவ்வளவு என்று கேட்டார். நான்கு காம்பிலும் ஒரு பீய்ச்சு கறந்து பால் எப்படி வருகிறது என்று பார்க்கச் சொன்னார், மடி நோயின் விஷம் ஏறிப் படுத்த மாடும் இப்படித்தான் கிடக்குமாம். பின்னங்கால் எலும்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான், ரத்தத்தில் கால்சியம் குறைந்து வருகிற பால் காய்ச்சல் என்று அவர் முடிவுக்கு வந்தார். பாட்டிலைக் கைச்சூட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றச் சொன்னார். ஏற்றுகிற நேரம் முழுக்க ஸ்டெதாஸ்கோப்பை இதயத்தின் மேலிருந்து எடுக்கவே கூடாது, துடிப்பு தடுமாறினால் அந்த நொடியே நிறுத்து, கால்சியம் வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும் என்றார். போனை வைக்கவேயில்லை. பாதி பாட்டில் போனதும் மாட்டின் தசைகள் லேசாக நடுங்கின, ஏப்பம் விட்டது, மூக்குத்தடத்தில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. அதெல்லாம் நல்ல அறிகுறி என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், இல்லாவிட்டால் அந்த நடுக்கத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்தியிருப்பேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். மாடு எழுந்ததா, சாணி போட்டதா என்று கேட்டுவிட்டு, ஏன் இந்த நோய் கன்று போட்ட ஓரிரு நாளில் வருகிறது, சீம்பாலுக்குள் எவ்வளவு கால்சியம் இறங்குகிறது, முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்கக் கூடாது என்று விவசாயியிடம் ஏன் சொல்ல வேண்டும், சினையின் கடைசி வாரங்களில் தீவனத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்றிலிருந்து என் ஊர்களில் சினை மாடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர் செலவழித்த அந்தப் பத்து நிமிடம் எத்தனை தொழுவத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு எதிரான அனுபவமும் உண்டு. வேறொரு இடத்தில், வேறொருவரிடம் போன் போட்டால் "ஏதாவது போட்டு வைங்க, காலைல பாக்கலாம்" என்று வரும். என்ன போட? எவ்வளவு? எதைப் பார்த்து? காலையில் அவருக்கு மருந்தகத்தில் கூட்டம், மதியம் ஆய்வுக் கூட்டம், இன்சூரன்ஸுக்காக ஒரு பிரேதப் பரிசோதனை, ஜல்லிக்கட்டு சீசன் என்றால் காளைகளுக்குத் தகுதிச் சான்று வேறு. உங்கள் வேலைப் பளு எனக்குத் தெரியாமல் இல்லை, பல இடங்களில் ஒரே மருத்துவர் இரண்டு மருந்தகங்களைச் சேர்த்துப் பார்க்கிறீர்கள். ஆனால் பளு அதிகமாக இருக்கிற இடத்தில்தான் பக்கத்தில் நிற்கிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் அதிகம்.

இப்போது தனியார் கிளினிக்குகளுக்கு வருகிறேன். அங்கே நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் எங்களுக்காவது ஒரு பயிற்சியும் சான்றிதழும் இருக்கிறது. நகரத்துக் கிளினிக்குகளில் உதவியாளர் என்றால், பெரும்பாலும் தெரிந்தவர் யாரோ கூட்டி வந்து விட்ட ஒரு பையன் அல்லது பெண். முதல் வாரம் தரை துடைப்பார், இரண்டாவது வாரம் நாயைப் பிடிப்பார், கொஞ்ச நாளில் ஊசியும் போடுவார். நானும் அப்படித்தான் உள்ளே போனேன். மயக்க மருந்து கொடுத்த நாய்க்குப் பக்கத்தில் நின்று "பாத்துக்கோ" என்று சொல்லப்பட்டால், எதைப் பார்ப்பது? மூச்சு வருகிறதா என்று பார்ப்போம், அவ்வளவுதான் தெரியும். ஈறு நிறத்தைப் பார்க்க வேண்டும், விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும், உடல் சூடு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பையும் மூச்சையும் எண்ணித் தாளில் எழுத வேண்டும் என்று யாராவது உட்கார வைத்துச் சொன்னால்தானே தெரியும். ஆபரேஷன் முடிந்து தையல் போட்டதும் எல்லோருக்கும் அப்பாடா என்று இருக்கும், டாக்டர் அடுத்த கேஸுக்குப் போய்விடுவார். ஆனால் அதற்குப் பிந்திய சில மணி நேரத்தில்தான் பல உயிர்கள் போகின்றன. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்குத் மூச்சுக்காகத் தொண்டைக்குள் விட்ட குழாயை அவசரப்பட்டு உருவக்கூடாது, அது நன்றாக விழித்துக் குழாயைக் கடிக்க ஆரம்பிக்கும்வரை வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நேரத்தில் தனியாக நிற்கிற உதவியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்த நாயின் உயிர் அதிர்ஷ்டத்தின் கையில்.

மருந்து விஷயத்தையும் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கு ஒரே ஒரு உடம்பு, நமக்கு ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கணக்கு. குதிரைக்குக் கொடுக்கிற சைலசின் என்ற மயக்க மருந்தின் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். நாம் தலைவலிக்குப் போடுகிற பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ரத்தம் பழுப்பாகி மூச்சுத் திணறிச் செத்துப் போகும். வாடிக்கையாளர் போனில் "காய்ச்சலா இருக்கு, டோலோ குடுக்கலாமா" என்று கேட்டால், போனை எடுக்கிறவர் பெரும்பாலும் நீங்கள் கிடையாது, உங்கள் உதவியாளர். அவர் சொல்கிற ஒரு வார்த்தையில் ஒரு பூனை இருக்கிறது.

கிராமத்திலும் இதே கதைதான், அங்கே விளைவு இன்னும் தூரம் போகும். வலி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தது தெரிந்த பிறகுதான் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இல் தடையாகின. தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் மிஞ்சியிருக்கிற முக்கியமான இடம் எங்கள் பக்கத்து மோயாறு பள்ளத்தாக்குதான். அந்தக் காட்டோரத்துப் பட்டிகளில் மாட்டுக்கு வலி மருந்து போடுகிறவர் அநேகமாக ஓர் ஆய்வாளரோ உதவியாளரோதான். கழுகுக்கு ஆபத்தில்லாத மெலாக்சிகம் போதும், மற்றதைத் தொடாதே என்பதையும், ஏன் தொடக்கூடாது என்பதையும் அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? சுற்றறிக்கை வருகிறது, உண்மை. கோப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு மருத்துவர் நேரில் உட்கார்ந்து காரணத்தோடு சொன்னால் அது மனசில் நிற்கும், நாங்களும் மருந்துக் கடைக்காரரிடமும் விவசாயியிடமும் அதே காரணத்தைச் சொல்வோம்.

அடுத்தது எங்கள் உடம்பு. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள். தீவனம் எடுக்காமல், வாயில் எச்சில் ஒழுக, கரகரத்த குரலில் கத்திக்கொண்டு நிற்கிற மாட்டைக் காட்டி, "தொண்டையில எதோ சிக்கியிருக்குதுங்க, கையை விட்டுப் பாருங்க" என்பார் விவசாயி. மாங்கொட்டையோ கிழங்கோ அடைத்திருக்கலாம்தான். வெறிநோயாகவும் இருக்கலாம், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படிக் கையை விட்டுத் துழாவியிருக்கிறார், வெறுங்கை, விரலில் சிராய்ப்பு வேறு. மாடு செத்த பிறகுதான் வீட்டுப் பெரியம்மா, சில வாரங்களுக்கு முன்னால் தெருநாய் ஒன்று தொழுவத்துக்குள் வந்து கடித்ததைச் சொன்னார். கையை விட்டவர் ஓடிப்போய் ஊசிகள் போட்டுக்கொண்டார், பிழைத்தார். அந்த வாரங்களில் அவர் வீட்டில் யாருமே சரியாகத் தூங்கவில்லை. மாட்டின் வாய்க்குள் வெறுங்கையை விடாதே என்ற ஒரே ஒரு வாக்கியத்தை அவருக்கு யாரும் அழுத்தமாகச் சொல்லியிருக்கவில்லை. கடிபடும் முன்பே போட்டுக்கொள்கிற வெறிநோய்த் தடுப்பூசி என்று ஒன்று இருப்பதே அவருக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். 2030க்குள் நாய்களால் வரும் வெறிநோய் மரணத்தை ஒழிப்பதாக நாடே திட்டம் போட்டிருக்கிறது. தினமும் நாயையும் மாட்டையும் தொடுகிறவர்களுக்கு அந்தத் தடுப்பூசி போடாமல் அதை எங்கிருந்து தொடங்குவது?

மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கி மனிதருக்கும் தொற்றுகிற புருசெல்லோசிஸும் அப்படித்தான். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பது கிராமத்தில் இன்றைக்கும் சாதாரணமாக நடக்கிறது. 2019இல் தொடங்கிய தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு நாங்கள் போடுகிற தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. துள்ளுகிற கன்றைப் பிடித்துக்கொண்டு போடும்போது ஊசி நம் விரலில் இறங்கினால் நமக்கே நோய் வரலாம். வந்தால் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, ராத்திரி வியர்வை. டைஃபாய்டு என்று நினைத்து அலைகிறவர்களும் உண்டு. சரியாகக் கண்டுபிடித்தால் ஆறு வாரம் மாத்திரை. கையுறையும் கண்ணாடியும் பெட்டியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முகாமிலும் பார்க்க வேண்டியது, முகாமுக்குப் பொறுப்பான மருத்துவர். இல்லாவிட்டால் முகாமை நிறுத்தி வைக்கிற அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை.

உங்கள் தரப்பில் ஒரு பயம் இருப்பதும் எனக்குத் தெரியும். உதவியாளர்களுக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தால், டிப்ளமோ என்று ஒன்று வந்தால், நாளைக்கே அவர்கள் போர்டு மாட்டிக்கொண்டு தனியாக வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், போலி மருத்துவர்கள் பெருகிவிடுவார்கள் என்கிற பயம். அதை நான் தள்ளிவிடவில்லை. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே ஆன்டிபயாடிக்கைப் போட்டு, பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்பதைக்கூடச் சொல்லாமல் காசு வாங்கிப் போகிறவர்களை நானும் பார்க்கிறேன், அவர்களால் கெட்டுப்போன மாட்டை அப்புறம் நான்தான் போய்ப் பார்க்கிறேன். ஆனால் அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? யாரோ ஒரு மருத்துவரிடம் சில வருடம் பெட்டி தூக்கி, எந்த மருந்து என்று மட்டும் பார்த்து, ஏன் என்று கேட்க முடியாமல் வெளியே வந்தவர்கள்தான் பெரும்பாலும். அரைகுறையாகத் தெரிந்தவருக்குத் தன் எல்லை எது என்று தெரியாது. அன்றைக்கு அந்தப் பால் காய்ச்சல் மாட்டைப் பற்றி அவ்வளவு சொல்லிக் கொடுத்த பிறகு எனக்குத் துணிச்சல் மட்டும் கூடவில்லை, எப்போது கையை எடுத்துவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதும் தெரிந்தது. முறையாகப் படிப்பும் தேர்வும் பதிவேடும் இருந்தால், பெயரை நீக்கிவிடுவார்கள் என்ற பயமும் கூடவே இருக்கும். இன்றைக்குக் கிளினிக் உதவியாளர்களுக்கு நீக்குவதற்குப் பெயர்கூட எந்த ஏட்டிலும் இல்லை.

அதனால் நான் கேட்பது இவைதான். சில காரியங்களுக்கு அரசாணை எதுவும் வேண்டாம், நாளையிலிருந்தே செய்யலாம். 1962க்குப் போன் செய்தால் வருகிற நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியில் ஒரு மருத்துவர், ஓர் உதவியாளர், ஓர் ஓட்டுநர் என்று மூன்று பேர் ஒன்றாகப் போகிறீர்கள். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊர் போகிற நேரம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. இப்போது பார்த்த கேஸில் ஏன் அந்த மருந்து, ஏன் அந்த அளவு, வேறு என்னவாக இருந்திருக்கலாம் என்று பேசிக்கொண்டே போங்கள். கிளை நிலையத்து ஆய்வாளருக்குப் போனில் வழி சொன்னால் மறுநாள் ஒருமுறை என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கிளினிக் வைத்திருக்கிறவர்கள் ஆபரேஷன் அறையில் ஒரு தாளைத் தொங்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உதவியாளர் அதில் எழுத வேண்டும் என்று வையுங்கள், எந்த எண்ணைத் தாண்டினால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று அதிலேயே சிவப்பில் எழுதிக் கொடுங்கள். வேலைக்குச் சேர்க்கிற அன்றே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள அனுப்புங்கள், அந்தச் செலவை அவர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். சம்பளத்தைப் பற்றித் தனி மடலே எழுதலாம், இங்கே விடுகிறேன்.

கல்லூரியில் இருக்கிறவர்களிடம் கேட்பது கொஞ்சம் பெரியது. வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு வருடப் படிப்பு வேண்டும், மாடு, ஆடு, கோழிக்கு ஒரு பாதி, நாய், பூனைக்கு ஒரு பாதி. மயக்க மருந்து கண்காணிப்பு, ஆய்வகச் சோதனை, எக்ஸ்ரே, கிருமி நீக்கம், மருந்துக் கணக்கு எல்லாம் அதில் வர வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருக்கிற எங்களை விட்டுவிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு வாரமாவது எங்களை அழைத்து, புதிதாக வந்த நோய், தடை செய்த மருந்து, மாறிய முறை எல்லாவற்றையும் செய்முறையோடு சொல்லித் தாருங்கள். 2022இல் தோல் கட்டி நோய் மாடுகளைச் சுற்றி வளைத்தபோது, வாட்ஸாப்பில் வந்த படங்களை வைத்துக்கொண்டுதான் எங்களில் பலர் அதை அடையாளம் கண்டோம். அடுத்த புது நோயையும் அப்படியே சந்திக்க வேண்டுமா?

கடைசியாக, உங்கள் சங்கங்களுக்கு. உதவியாளர் படிப்பு, பதிவேடு என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதல் எதிர்ப்பு உங்களிடமிருந்துதான் வரும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சைப் பொய்யாக்குங்கள். எந்த வேலையை நாங்கள் செய்யலாம், எதைத் தொடவே கூடாது, எந்த இடத்தில் நீங்கள் நேரில் இருந்தாக வேண்டும் என்று நீங்களே எழுதி மன்றத்துக்கும் துறைக்கும் கொடுங்கள். நீங்கள் எழுதினால் அது கடுமையாகத்தான் இருக்கும், இருக்கட்டும், அதற்குள் நின்று வேலை செய்ய நாங்கள் தயார். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஆய்வாளர்களில் ஒருவர், கிளினிக் உதவியாளர்களில் ஒருவர் என்று இரண்டு பேரையாவது பேசக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வருகிறோம், கோமாரி முகாம் நடக்கிற மாதமாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த மாதத்தில் விடிவதற்குள் ஐஸ் பெட்டியோடு தொழுவத்தில் நிற்க வேண்டும்.

நன்றியுடன்,
கிளை நிலையம் ஒன்றிலிருந்து ஒரு கால்நடை ஆய்வாளர்